கரைக்குக் காட்டிய கை

நீர்ச்சறுக்குச் சைகைகளைக் கற்றுக்கொள்ள உங்களுக்கு ஒரு காலைப்பொழுது போதும். கட்டைவிரல் மேலே என்றால் வேகத்தைக் கூட்டு. கீழே என்றால் குறை. கழுத்தை அறுப்பதுபோல் கையை இழுத்தால் இன்ஜினை நிறுத்து. தலையைத் தட்டிக் காட்டினால் கரைக்குப் போகலாம். விழுந்த ஆள் இரண்டு கையையும் தலைக்கு மேல் கோத்துக் காட்டினால் ‘நன்றாக இருக்கிறேன்’. அவ்வளவுதான் சங்கதி. இதைச் சொல்லிக்கொடுக்க, ஓய்வுபெற்று வீட்டில் சும்மா கிடந்தவனை வண்டி அனுப்பிக் கூட்டிவந்திருக்க வேண்டியதில்லை. நான் சொல்ல வந்தது வேறு. அந்தக் கைகளை நம்பாதீர்கள்.

என்ன இந்த ஆள் எடுத்த எடுப்பிலேயே அபசகுனமாகப் பேசுகிறாரே என்று அந்தக் கடைசி வரிசைத் தம்பி முகத்தைச் சுளிக்கிறார். சுளிக்கட்டும். நாளைக்குப் படகில் பின்பக்கம் பார்த்து உட்காரப் போகிறவர் அவர்தான். ஓட்டுபவருக்கு முன்னால் மட்டும்தான் கண். பின்னால் கட்டையில் நின்று தண்ணீர்மேல் சறுக்குகிறவருக்குக் கயிற்றின் நுனியில் தன் உயிர். நடுவில் இருப்பது நீங்கள் ஒருவர். ‘பார்வையாள்’ என்று எங்கள் காலத்தில் சொல்வோம். பார்வையாள் ஏமாந்தால் எல்லாரும் ஏமாந்த மாதிரி.

நான் வரிச்சிக்குடிக்காரன். வயலும் பம்புசெட்டும்தான் எங்களுக்குத் தெரியும். பம்புசெட் ரிப்பேரில் தொடங்கி, படகு இன்ஜினுக்கு வந்து, பிறகு காரைக்காலில் அரசலாற்று முகத்துவாரத்தை ஒட்டி ஒருவர் நடத்திய படகுத்துறையில் பார்வையாளாக உட்கார்ந்துவிட்டேன். சுனாமி வந்து சில வருஷங்கள் ஆகியிருந்த சமயம் அது. இயல்பிலேயே நான் சந்தேகப் பிராணி. கடைக்காரர் சிரித்தால் தராசைப் பார்ப்பேன். டாக்டர் ஒன்றுமில்லை என்றால் இரண்டு நாள் தூக்கம் வராது. ‘வெளுத்ததெல்லாம் பாலுன்னு குடிக்கிறவன் நானில்லை’ என்று ஒருமுறை சொல்லிவைத்தேன். என் மனைவி, ‘பாலே குடுத்தாலும் மோந்து பாத்துட்டுத்தானே குடிக்கிறீங்க’ என்றாள். துறையில் எனக்கு வைத்த பெயர் சி.ஐ.டி. வைத்தவன் சேகர், எங்கள் படகு ஓட்டுநர்.

இந்தக் குணத்தைத் தொழிலாக மாற்றிக் கொடுத்தவர் ஒருவர் உண்டு. எங்களுக்குப் பயிற்சி தர வெளியூரிலிருந்து வந்தவர். என்னைவிட வயதில் மிகச் சின்னவர், அரைகுறைத் தமிழ். ஒருநாள் அவரே சறுக்கிவந்து நடு ஆற்றில் விழுந்தார். இரண்டு கையையும் கோத்துக் காட்டினார். ‘நல்லாருக்காரு, திருப்பு’ என்று சேகரிடம் சொன்னேன். படகு பக்கத்தில் போனதும் அவர் கேட்டார், ‘என் கட்டை ஒண்ணு எங்கே?’ காலில் ஒரு சறுக்குக் கட்டைதான் இருந்தது. இன்னொன்று கழன்று, நாங்கள் திரும்பிய பாதையிலேயே மிதந்துகொண்டிருந்தது. மோதியிருந்தால் படகுக்கும் சேதம், ஆளுக்கும் சேதம்.

‘நீ கை பாத்தே. பாக்கறதை நிறுத்திட்டே’ என்றார். ‘மொதல்ல தண்ணி பாரு. கயிறு பாரு. மூஞ்சி பாரு. கை கடைசி.’

கை கடைசி. இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த ஒரே உபதேசம் இதுதான். அவர் பெயரைக்கூட நான் ஒழுங்காகக் கேட்டுவைத்துக்கொள்ளவில்லை.

அப்புறம் ஒரு புதுமாப்பிள்ளை. போலகம் பக்கத்திலிருந்து மனைவியை அழைத்துக்கொண்டு வந்திருந்தார். மனைவி கரையில் நிற்க, இவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டைவிரலை மேலே மேலே தூக்குகிறார். வேகம், இன்னும் வேகம். விரல் அப்படிச் சொல்கிறது. முழங்கால் இரண்டும் ஆடுகிற ஆட்டம் வேறு சொல்கிறது. நான் சேகரிடம் ‘கொறை’ என்றேன். கரை ஏறியதும் மாப்பிள்ளை என்னைப் பிடித்து ஏறு ஏறென்று ஏறினார். ‘நான் கூட்டச் சொன்னேன், நீங்க எப்படிக் கொறைப்பீங்க?’ திட்டி முடித்த கையோடு புதரோரம் போய் வாந்தி எடுத்தார். அந்தம்மா சிரிப்பை அடக்கப் பட்ட பாடு இருக்கிறதே! ஆக, கரையில் யாராவது நின்றால் கை மாறிப் பேசும். இதையும் குறித்துக்கொண்டேன்.

இப்படி இரண்டு பாடம் படித்துவிட்டு உட்கார்ந்திருந்தவனிடம்தான் மகேசுவரி வந்து சேர்ந்தாள். மண்டபத்தூர்ப் பெண், இருபது வயதுக்குக் கொஞ்சம் மேல். மகேசு என்று கூப்பிடுவோம். விருந்தினர் வரும் நாட்களில் சறுக்கிக் காட்டுவதும், மற்ற நாட்களில் கற்றுக்கொடுப்பதும் அவள் வேலை. தண்ணீர்மேல் அவள் நிற்பதைப் பார்த்தால் தரையில் நிற்பவர்களுக்குத்தான் கால் கூசும். அப்படி ஒரு நிதானம். முதலாளிக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. எனக்கு மட்டும் அவள்மீது ஒரு சந்தேகம் விழுந்தது.

விழுந்த மனிதர் என்ன செய்வார்? முதலில் மூச்சு வாங்குவார். மூக்கில் ஏறிய தண்ணீரைச் சீறுவார். கால் இருக்கிறதா, கை இருக்கிறதா என்று தன்னைத்தானே ஒருமுறை தடவிப்பார்த்துக்கொள்வார். அதற்குப் பிறகுதான் சைகை. மகேசு விழுந்தால், தலை மேலே வருவதற்குள் கை மேலே வந்துவிடும். அடிபட்டிருக்கிறதா இல்லையா என்று அவளுக்கே தெரியாதபோது ‘நன்றாக இருக்கிறேன்’ என்று கை எப்படிச் சொல்லும்? ஒருநாள் அப்படித்தான் கையைக் கோத்துக் காட்டினாள். துறையில் ஏறும்போது பார்த்தால் நொண்டுகிறாள். கணுக்கால் வீங்கிப் பணியாரம் மாதிரி இருக்கிறது.

‘என்ன புள்ள இது?’ என்றேன்.

‘ஒண்ணுமில்லண்ணே, நேத்தே வீட்டுல இடிச்சுக்கிட்டது’ என்றாள்.

பொய். காலையில் அவள் சைக்கிளில் வந்து இறங்கி நொண்டாமல் நடந்ததை நான் பார்த்திருந்தேன். எல்லாரும் வந்து இறங்குவதையும் பார்ப்பேன், அது வேறு விஷயம்.

இன்னொன்றும் கவனித்தேன். கையைக் காட்டும்போது அவள் முகம் படகின் பக்கம் இருப்பதில்லை. கரையைப் பார்த்துக் காட்டுகிறாள். அடடே, இதுதானா கதை என்று எனக்குள் இருந்த சி.ஐ.டி. முழித்துக்கொண்டான். புதுமாப்பிள்ளை நினைவுக்கு வந்தார். கரையில் எவனோ இருக்கிறான். மோட்டார் சைக்கிளில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சாய்ந்திருப்பவனா? பஜ்ஜிக் கடையில் எண்ணெய்ச் சட்டியைப் பார்க்காமல் ஆற்றையே பார்க்கிற பையனா? ஒரு வாரம் இரண்டு பேரையும் மாறி மாறிச் சந்தேகப்பட்டேன். உளவு பார்க்கிற சாக்கில் தின்ற பஜ்ஜியில் வயிறு கெட்டதுதான் மிச்சம். கறுப்புக் கண்ணாடிக்காரனுக்கு ஒரு கண்ணில் ஆபரேஷன். பஜ்ஜிக்கடைப் பையன் பார்த்தது படகை. அவனுக்கு இன்ஜின் பைத்தியம்.

கடைசியில் அவள் பார்வை போகிற திசையிலேயே நடந்துபோனேன். பூவரச மரத்தடியில் ஒரு அம்மாள், காலியான மீன்கூடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

‘யாருக்காகம்மா இங்க உக்காந்திருக்கீங்க?’ என்று கேட்டேன்.

‘எம்பொண்ணு அங்க தண்ணியில நிக்கிது. நீங்க யாரு கேக்குறதுக்கு?’

‘அந்தப் படகுலதான் வேல பாக்குறேன்.’

அவர் உடனே எழுந்து நின்றார். ‘அப்ப நீங்கதான் பின்னாடி பாத்து உக்காந்திருக்கிறவரா? மகேசு சொல்லும், அந்தண்ணனுக்கு எம்மேல என்னமோ சந்தேகம்னு.’

வெட்கமாகப் போய்விட்டது. பேச்சை மாற்றினேன். ‘இவ்வளவு தூரத்துல உங்களுக்கு என்ன தெரியுது?’

‘மூஞ்சி தெரியாதுங்க. கை தெரியும். அது போதும்’ என்றார். ‘அவ அப்பாவ கடலு கொண்டுக்கிட்டு போனது ஊருக்கே தெரியும். இவ என்னன்னா தண்ணிமேல நிக்கிற வேலைக்குப் போறேன்னா. மாட்டேன்னுதான் சொன்னேன். கேக்கல. சரி போ, ஆனா விழுந்தா ஒடனே ரெண்டு கையும் தலைக்கு மேல எனக்குத் தெரியணும், தெரியலன்னா நான் எறங்கிருவேன்னு சத்தியம் வாங்கிருக்கேன்.’

‘நீச்சல் தெரியுமாம்மா?’

‘தெரியாது.’

நீச்சல் தெரியாதவர் ‘எறங்கிருவேன்’ என்கிறார். மிரட்டலாகச் சொல்லவில்லை. சந்தைக்குப் போவேன் என்பதுபோலச் சொன்னார். நான் யாரையும் எளிதில் நம்புகிறவன் இல்லை, உங்களுக்குத்தான் தெரியுமே. அந்த அம்மாள் இறங்கிவிடுவார் என்பதை அந்த இடத்திலேயே நம்பினேன்.

மறுநாள் மகேசுவைத் தனியாக அழைத்தேன். ‘அம்மாவுக்குக் காட்டு, வேண்டாங்கல. மொதல்ல எனக்குக் காட்டு. அடிபட்டிருந்தா எனக்கு மட்டுமாவது நெசத்தச் சொல்லு’ என்றேன். ‘எப்படிண்ணே? கைய ரெண்டு விதமா காட்ட முடியுமா? நீங்க பாக்குற கையத்தான் அதுவும் பாக்குது’ என்றாள். முதலாளியிடமும் போனேன். அவர் கணக்கு வேறு. ‘கை காட்டுறாளா இல்லையா? அப்புறம் என்னய்யா? இந்தத் தொறையில ஒமக்கு யாரு மேலதான் சந்தேகம் இல்ல?’

உங்கள் மேலும் இருக்கிறது என்று சொல்லவில்லை. வேலை வேண்டுமே.

காணும் பொங்கல் அன்று கரை கொள்ளாத கூட்டம். ஆற்றோரம் முழுக்கத் தலை. கட்டுச்சோறும் கரும்புமாகக் குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். மேலிடத்து விருந்தினர்களுக்கு மேடை போட்டு, முதலாளி புதுச்சட்டையில் வியர்த்துக்கொண்டு நின்றார். பூவரச மரத்தடியில் மகேசுவின் அம்மா. சிவப்புச் சேலை, எனக்குத் தனியாகத் தெரிந்தது. கடல்நீர் வடிந்துகொண்டிருந்த நேரம். ஆற்றுத் தண்ணீர் முகத்துவாரத்தைப் பார்த்து இழுக்கும். எனக்கு எதுவும் பிடிக்கவில்லை. ‘மூஞ்சிய ஏன்ண்ணே இப்படி வச்சிருக்கீங்க, பொங்கலும் அதுவுமா?’ என்றான் சேகர்.

முதல் சுற்று அருமையாகப் போயிற்று. இரண்டாவது சுற்றில் முகத்துவாரத்துப் பக்கம் வளையும்போது, எங்கள் படகு கிளப்பிய அலை கரையில் மோதித் திரும்பி வந்தது. மகேசு அதில் ஏறினாள். கட்டை தடுக்கிக் குப்புற விழுந்தாள். கூட்டம் ‘ஓ’ என்றது. அடுத்த நொடி தண்ணீருக்கு மேலே ஒரு கை வந்தது. நேராக, உயரமாக. கூட்டம் கைதட்டியது.

நான் வாய் திறக்கும் முன்பே சேகர் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, ‘கை தூக்கிட்டா’ என்றான். வேகத்தைக் குறைத்து, படகை வளைக்கத் தொடங்கினான்.

தண்ணீரைப் பார்த்தேன். இழுப்பு பலமாக இருந்தது. கயிற்றைப் பார்த்தேன். ஆள் விழுந்தால் கயிற்றின் நுனியிலுள்ள மஞ்சள் கைப்பிடி விடுபட்டு, அவருக்கு முன்னால் தண்ணீரில் துள்ளிக்கொண்டு வரும். அந்தக் கைப்பிடியைக் காணவில்லை. கயிறு நேராக அவளிடமே போய் முடிந்தது. முகத்தைப் பார்த்தேன். வழக்கம்போலக் கரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். கடைசியாகக் கையைப் பார்த்தேன். ஒரு கைதான்.

‘கியர எடுடா!’ என்று கத்தினேன்.

‘அதான் கை தூக்கிட்டாளேண்ணே!’

‘ஒத்தக் கைடா அது!’

‘ஒத்தக் கை தூக்குனா என்ன? கூட்டத்துக்குக் காட்டுறா!’

அவன் சொன்னதும் நடக்கக்கூடியதுதான். மேடையிலிருந்து முதலாளி கையைச் சுழற்றிச் சுழற்றிக் காட்டுகிறார், திரும்பு, இன்னொரு சுற்று என்று. படகு வளைய வளையக் கயிறு தண்ணீரிலிருந்து மேலே எழும்பி விறைக்கிறது. பாம்பென்று தாண்டவும் முடியவில்லை, பழுதையென்று மிதிக்கவும் முடியவில்லை. இன்ஜினை நிறுத்தினால் படகும் அவளும் வடிகிற தண்ணீரோடு முகத்துவாரத்தை நோக்கிப் போவோம். என் சந்தேகம் தப்பென்றால், மேடை முன்னால் காட்சியைக் கெடுத்ததற்கு நாளைக்கு எனக்கு வேலை இருக்காது. சரியென்றால், இன்னும் ஒரு வளைவு வளைந்தாலே அவள் கை இருக்காது.

எட்டிச் சாவியைத் திருகினேன். இன்ஜின் செத்தது. சேகர் என் சட்டையைப் பிடித்தான். ‘பைத்தியமாண்ணே புடிச்சிருக்கு?’ அவன் கையைத் தட்டிவிட்டு, படகில் கயிறு மாட்டியிருந்த தூணிலிருந்து அதைக் கழற்றினேன். கயிறு படகில் இல்லையென்றால் படகு அவளை இழுக்க முடியாது. ‘நான் கை காட்டுற வரைக்கும் சாவியத் தொட்டே, ஆத்துலயே பொதச்சுருவேன்’ என்று சொல்லிவிட்டுக் கயிற்றோடு குதித்தேன்.

கைப்பிடிக்கும் கயிற்றுக்கும் நடுவே முக்கோணமாக ஓர் இடைவெளி இருக்கும், பார்த்திருப்பீர்கள். அவளுடைய வலது கை அதற்குள் முழங்கை தாண்டிப் புகுந்து, லைஃப் ஜாக்கெட் வாரோடு முறுக்கிக்கொண்டிருந்தது. தோள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. இன்னொரு இழுப்பு இழுத்திருந்தால் கையே மிஞ்சியிருக்காது என்று மருத்துவமனையில் பிற்பாடு சொன்னார்கள். அவளோ இடது கையை இறக்கவே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்கிறாள்.

‘அம்மா பாக்குதுண்ணே. நீங்களும் சிரிங்க’ என்றாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. முறுக்கை அவிழ்த்தேன். அவள் உடம்பு தூக்கிப்போட்டது, சத்தம் மட்டும் வரவில்லை. அந்தத் தோளோடு எங்கள் படகின் உயரத்துக்கு அவளைத் தூக்க முடியாது. துறையில் தாழ்வான ஃபைபர் படகோடும், அடிபட்டவரைக் கிடத்தித் தூக்கும் பலகையோடும் ஆட்கள் தயாராக இருந்தார்கள். அவர்களை வரவழைக்க ஒரே வழி, இரண்டு கையையும் தலைக்கு மேல் குறுக்கும் நெடுக்குமாக வீசுவது. அதைப் பார்த்தால் சின்னப் பிள்ளைக்கும் புரியும், விபத்து என்று.

அவளுக்கும் புரிந்தது. ‘வேணாண்ணே. ஒங்க கால்ல விழுறேன். எங்கம்மா எறங்கிரும்ண்ணே. அதுக்கு நீச்சல் தெரியாதுண்ணே.’

இங்கேதான் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்க ஆசை. அந்த அம்மாள் இறங்குவார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கையைக் கீழே வைத்திருந்தால் கரையில் யாருக்கும் எதுவும் தெரியாது, நாங்களும் சிரித்துக்கொண்டே முகத்துவாரத்துக்குப் போய்ச் சேர்வோம். கரையில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள், அந்த அம்மாளைப் பிடிக்க நாலு கை கிடைக்கும். இங்கே இவளைப் பிடித்திருப்பது என் கை மட்டும்தான். ஒரு நிமிஷம் அவளை ஜாக்கெட்டின் பொறுப்பில் விட்டுவிட்டு, இரண்டு கையையும் தூக்கி வீசினேன்.

கைதட்டல் நின்றுபோயிற்று. சிவப்புச் சேலை எழுந்தது, ஓடியது. முழங்கால் தண்ணீர், இடுப்புத் தண்ணீர். ‘புடிங்கய்யா அந்தம்மாவ!’ என்று கத்தினேன். அத்தனை தூரத்துக்கு எப்படிக் கேட்கும்? ஃபைபர் படகு கிளம்பி எங்களை நோக்கி வருவது தெரிந்தது. அந்த அம்மாளும் அதைப் பார்த்திருக்க வேண்டும். நின்றார். யாரும் பிடிக்கவில்லை, தானாகவே நின்றார். அலை அடித்து ஆளை ஆட்டுகிறது. அப்படியே நின்று, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, விரல்களைக் கோத்துக் காட்டினார்.

‘மகேசு, அங்க பாரு புள்ள. அதுக்கு மேல எறங்கல. நல்லாருக்கேன்னு ஒனக்குத்தான் கை காட்டுது, பாரு’ என்றேன்.

அவள் தலையைத் திருப்பிப் பார்த்தாள்.

‘பொய்ண்ணே’ என்றாள். ‘எங்கம்மா பொய் சொல்லுது.’

தூக்கிவைத்திருந்த இடது கை அப்போதுதான் தண்ணீருக்குள் இறங்கியது. சிரிப்பு கோணி, ‘ஐயோ அம்மா, வலிக்குதே’ என்று ஆறு அதிரக் கத்தினாள். நான் அவள் தலையை என் தோளில் தாங்கிக்கொண்டேன்.

‘கத்து புள்ள’ என்றேன். ‘நல்லாக் கத்து.’

அந்த வருஷம் முழுக்க அவளிடமிருந்து நான் சந்தேகப்படாமல் வாங்கிக்கொண்ட ஒரே சைகை அந்தக் கத்தல்தான்.